பத்துக்கு நாலு மார்க்

பிப்ரவரி 8

தம்பி,

நேத்திலிருந்து ஆறு தடவை கூப்பிட்டிருக்கே. எடுக்க மாட்டேன். போனில் பேசினா நீ பேசிப் பேசியே என்னைச் சமாதானம் பண்ணிடுவே. அதனாலதான் காகிதம்.

முந்தாநாள் குடும்ப நீதிமன்றத்தில் முதல் சமரசப் பேச்சு. குட்டி என்கிட்ட இருக்கணுமா, அவங்க அப்பாகிட்ட இருக்கணுமான்னு பேசற இடம். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள உன் அத்தான் பையிலிருந்து நாலு பக்கம் டைப் அடிச்ச காகிதத்தை எடுத்து மேஜைமேல வெச்சார். தேதி வாரியா பதில். அக்டோபர் 11, சாவி விஷயம். நவம்பர் 30, கடைக்குப் போன் பண்ணின விஷயம். நான் இன்னும் குற்றமே சொல்லலை, அதுக்குள்ள பதில் வந்தாச்சு. வினாத்தாள் முன்கூட்டியே கிடைச்ச மாணவன் மாதிரி காலை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். நான் திக்கினேன். சமரச அதிகாரி என்னைத்தான் சந்தேகமா பார்த்தார்.

வக்கீலம்மா சொன்னதால நாலு மாசமா மருந்துக் கடையில டீ குடிக்கிற நேரத்தில என் போனில எழுதி வெச்ச குறிப்புகள் அதெல்லாம். வக்கீலம்மாகிட்டகூட இன்னும் கொடுக்கலை. ஒரே ஒருத்தனுக்குத்தான் முழுசா படிச்சுக் காட்டினேன், வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முந்தின நாள், ஜனவரி 27. அந்த ஒருத்தன் நீ.

உனக்கும் அவருக்கும் இருக்கிற ஒட்டு எனக்குத் தெரியும். நீ வேலையில்லாம சுத்தினப்போ உனக்காக நாலு பேர்கிட்ட பேசினவர் அவர். நன்றி இருக்கலாம். அதை என் தலையில தீர்க்காதே.

அடுத்த பேச்சு மார்ச் 12. அதுக்குள்ள உண்மையைச் சொல்லு.

அக்கா


பிப்ரவரி 13

அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில நின்னு படிச்சேன். படிச்சிட்டு ரெண்டு மாடி கீழே இறங்கிட்டேன், ஏறணும்னு தோணலை.

நான் சொல்லலை. அத்தான் ரெண்டு தடவை கூப்பிட்டார். எடுத்தேன், அது என் தப்பு. "உங்க அக்கா எங்கடா இருக்கா?"ன்னு கேட்டார். "தெரியாது அத்தான்"னு சொன்னேன். தெரிஞ்சும் தெரியாதுன்னு சொன்னேன். வேற ஒரு வார்த்தை பேசலை. சத்தியம் பண்ணச் சொன்னா பண்றேன், ஆனா சத்தியத்தை வெச்சு நீ என்ன செய்யப் போறே? வேற வழியில பார்க்கலாம்.

என் வேலை என்னன்னு உனக்கு ஒருதடவை சொல்லியிருக்கேன், நீ கொட்டாவி விட்டே. மறுபடி சொல்றேன். எங்க கம்பெனி செய்யற போனிலயோ அதோட மென்பொருள்லயோ பாதுகாப்பு ஓட்டை இருக்குன்னு யாராவது கண்டுபிடிச்சு எழுதினா, அது எவ்வளவு ஆபத்துன்னு பத்துக்கு மார்க் போடறது. ஒன்பது, பத்துன்னா எல்லாரும் வேலையைப் போட்டுட்டு ஓடி வருவாங்க. நாலுன்னா, அடுத்த வரிசையில பார்த்துக்கலாம்னு ஓரமா வெச்சிடுவாங்க. போன வாரம்கூட ஒண்ணுக்கு நாலு போட்டேன். யாரோ கத்தறாங்கன்னு மார்க் போட மாட்டோம். யார் கையில என்ன இருந்தது, எப்போ இருந்ததுன்னு கேட்டுட்டுத்தான் போடுவோம்.

அதே மாதிரி இதையும் பார்க்க விடு. உன் கோபம் அது பாட்டுக்கு இருக்கட்டும். அத்தானோட காகிதத்தில என்னென்ன இருந்தது? எந்தத் தேதிகள்? அதைவிட முக்கியம், என்னென்ன இல்லை? வக்கீலம்மாகிட்ட நகல் இருக்கும். வாங்கிப் பாரு.

குட்டிக்கு முத்தம். வேண்டாம்னா கொடுக்காதே.

தம்பி


பிப்ரவரி 18

தம்பி,

நீ கேட்டதால எழுதறேன், உன்னை நம்பி இல்லை.

நகல் இப்போ என் முன்னாடி இருக்கு. மருந்துச் சீட்டைச் சரிபார்க்கிற மாதிரி ஒவ்வொண்ணா பார்த்தேன். அதுல இருக்கிறது ஒன்பது தேதி. அக்டோபர் 11, வீட்டுச் சாவியைப் பிடுங்கிக்கிட்டு என்னையும் குட்டியையும் மாடிப்படியில உட்கார வெச்சது. நவம்பர் 30, கடைக்குப் பதினோரு தடவை போன் பண்ணி நான் இருக்கேனான்னு கேட்டது. டிசம்பர் 14, விருந்தாளிங்க முன்னாடி நடந்தது, அதை மறுபடி எழுத வேண்டாம். இப்படியே ஜனவரி 17 வரைக்கும், கைப்பையைக் கொட்டிச் சோதனை போட்டது.

நான் எழுதின வாக்கியத்தையே மேலே போட்டு, கீழே அவர் பதில். அக்டோபர் குறிப்பில அவசரத்தில நான் சாவியைச் "சவி"ன்னு அடிச்சிருந்தேன். அவர் காகிதத்திலயும் "சவி"தான் இருக்கு. அதைக்கூட மாத்தாம வெச்சிருக்கார்.

இல்லாதது ரெண்டு. ஜனவரி 22, ஜனவரி 25. ரெண்டுமே மத்ததைவிட மோசமான நாள். அதுக்குப் பதில் சொல்ல முடியாதுன்னு விட்டுட்டார்னு நினைக்கிறேன்.

வேற என்ன கேட்கப் போறே? குட்டி, மாமா ஏன் பேசறதில்லைன்னு கேட்டா. மாமாவுக்கு வேலைன்னு சொன்னேன். பொய்யில்லையே.

அக்கா


பிப்ரவரி 22

அக்கா,

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். பதில் அதுலயே இருக்கு, நீ கோபத்தில கவனிக்கலை.

முதல்ல "சவி". நீ எனக்குப் போனில படிச்சுக் காட்டினே. வாயால படிக்கும்போது சாவின்னுதான் சொன்னே. எழுத்துப் பிழை என் காதுக்கு வரவே இல்லை. உன் எழுத்தைப் பார்த்தவங்களுக்குத்தான் அது கிடைச்சிருக்கும்.

ரெண்டாவது தேதி. எனக்கு நீ 22, 25 ரெண்டையும் படிச்சுக் காட்டினே. ரொம்ப நேரம் நீ அழுததே அந்த ரெண்டுக்குத்தான். நான் சொல்லியிருந்தா அத்தானுக்கு அதுவும் தெரிஞ்சிருக்கணும். அவர் கைக்குக் கிடைச்சது ஜனவரி 17-க்கு அப்புறம், 22-க்கு முன்னாடி எடுத்த நகல்.

இப்போ நான் சொல்றதை உட்கார்ந்து படி. ஒன்றரை வருஷம் முன்னாடி உன் போன் துணி ஊற வெச்ச வாளியில விழுந்து, குட்டியோட குழந்தைப் படமெல்லாம் போச்சு. நீ மூணு நாள் முகம் கொடுத்துப் பேசலை. நான் வந்து ஹால்ல இருக்கிற கம்ப்யூட்டர்ல ஒரு ஏற்பாடு பண்ணிக் கொடுத்தேன். நீ சார்ஜ் போட வயரைச் செருகினா போதும், போனில இருக்கிறது எல்லாம் அதுல நகல் ஆகிடும். படம், செய்தி, குறிப்பு, எல்லாமே. உன்னையே ஒரு பாஸ்வேர்டு போடச் சொல்லிப் பூட்டிக் கொடுத்தேன். "அத்தானே நினைச்சாலும் திறக்க முடியாது"ன்னு சொன்னது நான்தான். நீ அன்னிக்குச் சிரிச்சே.

அப்போ அது உண்மை. ஒரு பாஸ்வேர்டை ஊகிச்சுப் பார்த்தா, சரியா தப்பான்னு சொல்லவே கம்ப்யூட்டர் வேணும்னே நிதானமா கணக்குப் போடும். கோடிக்கணக்கில ஊகிக்கிறவன் அலுத்துப் போறதுக்காக அப்படி வெச்சிருந்தாங்க. போன அக்டோபர்ல எங்க கம்பெனியோட அந்த நகல் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்தது. அதுல யாரோ கவனக்குறைவா பக்கத்திலயே இன்னொரு சோதனையை வெச்சுட்டாங்க. அது நிதானமே இல்லாம உடனே பதில் சொல்லுது. ரெண்டாயிரம் மடங்குக்கு மேல வேகம். முன்கதவுக்கு நல்ல பூட்டு, பின்கதவுக்குக் கொக்கி.

இதைத்தான் ஒரு வெளியாள் கண்டுபிடிச்சு எழுதியிருந்தார். இதுக்குத்தான் நான் நாலு போட்டேன். என் காரணத்தை அப்படியே எழுதறேன்: "தாக்குபவர் கையில் கணினி இருந்தாக வேண்டும். ஆகவே ஆபத்து குறைவு."

17-க்கும் 22-க்கும் நடுவுல உனக்கு லீவு ஜனவரி 19 ஞாயிற்றுக்கிழமைதான். அன்னிக்குப் போனை அந்தக் கம்ப்யூட்டர்ல செருகினியா? பாஸ்வேர்டு எத்தனை எழுத்து? அத்தான் ஊகிக்கிற மாதிரி பேர், பிறந்தநாள் ஏதாவதா?

தம்பி


பிப்ரவரி 26

தம்பி,

செருகினேன். ஹால்ல அந்த ஒரு பிளக்தான் காலியா இருக்கும். திங்கட்கிழமையிலிருந்து கடையில சார்ஜ் போட்டேன்.

பாஸ்வேர்டு எட்டு எழுத்து, எல்லாம் சின்ன எழுத்து, அர்த்தமில்லாதது. கடையில மேல் தட்டில வரிசையா இருக்கிற எட்டு மருந்தோட முதல் எழுத்து. அவருக்குத் தலைவலி மாத்திரையைத் தவிர ஒண்ணும் தெரியாது. ஊகிக்க வாய்ப்பே இல்லை.

வக்கீலம்மா எதிர் வக்கீல்கிட்ட கேட்டாங்க, இந்தக் குறிப்பு எப்படிக் கிடைச்சதுன்னு. பதில் மரியாதையா வந்தது. "என் கட்சிக்காரர் தன் வீட்டில் உள்ள தன் கணினியில் இருந்ததை எடுத்தார். பாஸ்வேர்டு மறந்துவிட்டதால் தெரிந்த கடையில் கொடுத்துத் திறந்தார். ஒரே நாளில் கொடுத்துவிட்டார்கள்." மறந்துடுச்சாம். தெரிஞ்சாத்தானே மறக்க!

ஆக நீ சொல்லலை. சரி. உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு. அதை எழுதிட்டேன், இனி அடுத்ததுக்கு வரேன்.

"தாக்குபவர் கையில் கணினி இருந்தாக வேண்டும்." இந்த வரியைப் படிச்சிட்டு கடையில ஒரு சீட்டுக்குத் தப்பான டப்பாவை எடுத்துட்டேன். பதினாலு வருஷத்தில முதல் தடவை. நல்லவேளை, கொடுக்கறதுக்கு முன்னாடி பார்த்துட்டேன்.

நீ மனசுல யாரை நினைச்சு மார்க் போட்டே? முகமூடி போட்டுக்கிட்டு ஜன்னல் வழியா ஏறி வர்ற திருடனையா? அவனுக்குக் கம்ப்யூட்டர் கிடைக்கறது கஷ்டம்தான். எனக்கு ஆபத்து யாரால? என்கூட ஒரே தட்டில சாப்பிட்ட ஆளால. அவர் கையில கம்ப்யூட்டர் எப்பவும் இருக்கு, ஏன்னா அது அவர் வீட்டு ஹால்ல இருக்கு. கிளம்பறப்போ நான் என்ன எடுத்துட்டு வந்தேன்? குட்டி, ரெண்டு பை, அவ காதுல போடற சொட்டு மருந்து. கம்ப்யூட்டரையா தூக்கிட்டு வருவேன்?

ஒரு மாத்திரை ஆயிரம் பேர்ல ஒருத்தருக்குத்தான் ஒத்துக்காதுன்னா நாங்க "ஆபத்து குறைவு"ன்னு எழுதி அனுப்பிட மாட்டோம். அந்த ஒருத்தர் யாருன்னு கேட்போம். கர்ப்பிணின்னு தெரிஞ்சா டப்பாமேலயே சிவப்பில எழுதுவோம். உங்க ஆபீஸ்ல அந்தக் கேள்வியை யாராவது கேட்டாங்களா?

அக்கா


மார்ச் 5

அக்கா,

யாரும் கேட்கலை. நானும் கேட்கலை.

உன் கடிதம் வந்த மறுநாள் ஒரு பரிசோதனை பண்ணினேன். உன்னுது மாதிரியே அர்த்தமில்லாத எட்டு சின்ன எழுத்து. பக்கத்து மேஜைக்காரர் போட்டார், என்ன எழுத்துன்னு என்கிட்ட சொல்லலை. பழைய பதிப்புல பூட்டினதை, என் மேஜையில இருக்கிற சாதாரண கம்ப்யூட்டர் முழுசா ஊகிச்சு முடிக்க ரெண்டே முக்கால் வருஷம் ஆகும். புதுப் பதிப்புல பூட்டினதுக்கு அதிகபட்சம் பத்து மணி நேரம்னு கணக்கு வந்தது; காலையில ஒன்பது மணிக்கு ஓட விட்டேன். நடுவுல மூணு கூட்டத்துக்குப் போய் வந்தேன். நாலரைக்குத் திறந்து கிடந்தது. உள்ளே அவர் வெச்சிருந்த குறிப்பு: "வாழ்த்துகள், ஏன் முகம் இப்படி இருக்கு?"

மார்க்கை மறுபடி பார்க்கணும்னு எங்க மேடம்கிட்ட கேட்டேன். கூட்டம் போட்டாங்க. ஆரம்பத்திலேயே சொல்லிட்டேன், இது எங்க அக்காவுக்கு நடந்ததுன்னு.

மேடம் பேனாவை வெச்சாங்க. "முன்கூட்டியே சொன்னது நல்லது. பரிசோதனைத் தாளை வெச்சுட்டு வெளியே போய் உட்கார்."

"மேடம், காரணம் மட்டும் ஒரு நிமிஷம்..."

"உன் காரணம் தாளில இருக்கா?"

"இருக்கு."

"அப்போ நீ எதுக்கு?"

தண்ணி மெஷின் பக்கத்தில நாற்காலியில நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மார்க் போடற பொறுப்பு யார்கிட்ட போச்சு தெரியுமா? எங்க செக்‌ஷன்ல கஞ்சன்னு ஒருத்தர் இருக்கார். காசு விஷயத்தில இல்லை, மார்க் விஷயத்தில. அவர் கையால ஆறுக்குமேல வாங்கின ஓட்டை ரெண்டோ மூணோதான். அவர்னு கேட்டதும் எனக்கு நம்பிக்கை போச்சு.

வெளியே வந்து தண்ணி பிடிச்சுக்கிட்டே சொன்னார், "ஏழு."

நன்றி சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திட்டார். "உங்க அக்காவுக்காக அரை மார்க்கூடப் போடலை. அந்தக் கதையை ஒதுக்கி வெச்சிட்டேன். பத்து மணி நேரத்துக்குப் போட்டது. பூட்டுன்னு சொல்லி வித்துட்டு ஒரு பகல்ல திறந்துச்சுன்னா அது பூட்டில்லை. கம்ப்யூட்டர் கையில இருக்கிறவன்கிட்டயிருந்து காப்பாத்தத்தானே அந்தப் பாஸ்வேர்டே? அவன் கையில இருக்கணும்கிறதைக் காரணமா காட்டி நீ மார்க் குறைச்சது, நனையணும்னா மழை பெய்யணும்னு சொல்லிக் குடைக்கு மார்க் போட்ட மாதிரி இருக்கு."

"அப்போ ஒன்பது ஏன் இல்லை?"ன்னு கேட்டேன். ரோஷம்.

"நீளமான பாஸ்வேர்டு இன்னும் தாங்குது. கம்ப்யூட்டர்ல நகலே எடுக்காதவனுக்கு ஒண்ணுமில்லை. உலகத்தோட அந்தக் கோடியிலிருந்து யாரும் இதைச் செய்ய முடியாது. ஏழுதான்."

யோசிச்சுப் பார்த்தா சரிதான். எனக்கு ஒன்பது போடணும்னு இருந்தது, ஆனா அது ஓட்டைக்கு இல்லை, என் தப்புக்கு.

திருத்தம் இந்த மாசம் 18-ஆம் தேதி வெளியாகுது. உன்கிட்ட ஒளிக்கக் கூடாது, அதனால சொல்றேன்: அது இனிமேல் எடுக்கிற நகலைத்தான் காப்பாத்தும். ஏற்கனவே எடுத்தது அப்படியேதான் இருக்கும். அவர் படிச்சதைப் படிக்காததா ஆக்க எங்களால முடியாது.

கூடவே ஒரு அறிவிப்பும் போடணும். நான் எழுதின முதல் வரி இது: "இக்குறைபாட்டைப் பயன்படுத்த, கணினியை நேரடியாகக் கையாளும் வாய்ப்பு தேவை, எனவே பெரும்பாலோருக்கு ஆபத்து குறைவு." எழுதிட்டுப் பார்த்தா மறுபடி அதேதான் எழுதியிருக்கேன். நீ என்னவா எழுதுவே?

12-ஆம் தேதிக்கு நான் வரட்டுமா? வெளியே உட்கார்ந்திருக்கேன். எனக்குப் பழகிடுச்சு.

தம்பி


மார்ச் 13

தம்பி,

நீ வராதேன்னு தந்தி மாதிரி ஒரு வரி அனுப்பினதுக்கு மன்னிச்சுக்கோ. உன்னைப் பார்த்தா நான் அழுதுடுவேன், அழுதா அது அவருக்கு இன்னொரு பக்கம் டைப் அடிக்க உதவும்.

நடந்ததைச் சொல்றேன். திருடினதை வெச்சுப் பேசக் கூடாதுன்னு வக்கீலம்மா தடை கேட்கலாம்னாங்க. நான் வேண்டாம்னேன். படிச்சது படிச்சாச்சு. என் குறிப்பு முழுசையும், 22, 25 உள்பட, நானே அதிகாரிகிட்ட கொடுத்தேன். அவர் ரெண்டு காகிதத்தையும் பக்கத்தில பக்கத்தில வெச்சு, விரலால வரி வரியா தொட்டுப் படிச்சார்.

அப்புறம் உன் அத்தானைக் கேட்டார், "அக்டோபர் 11. அடுப்பை அணைக்க மறந்தாங்கன்னு கோபத்தில சாவியை வாங்கினதா எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். வீடே எரிஞ்சிருக்கும்."

"அப்போ வாங்கினது நீங்கதான்."

"ஆமா, ஆனா அதுக்குக் காரணம்..."

"எவ்வளவு நேரம் வெளியே இருந்தாங்க?"

"ஒரு மணி நேரம்கூட இருக்காது சார்."

"குழந்தையுமா?"

உன் அத்தான் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி அடுத்த தேதிக்குப் போனார். பதினோரு போன் பண்ணினது கவலையில. பையைக் கொட்டினது எதையோ தேடி. ஒன்பது தேதியும் அப்படியே போச்சு. ஒவ்வொண்ணுக்கும் காரணம் எழுதியிருந்தார், ஒண்ணுகூட நடக்கலைன்னு எழுதலை. நடக்கவே இல்லைன்னு சொல்லிடுவாரேன்னுதான் ஆறு மாசம் பயந்தேன். அவரே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்டு வந்திருக்கார். அவர் வக்கீல் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தார்.

கடைசியில ஒப்பந்தம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்: குட்டி என்கிட்ட இருப்பா. ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை, நீதிமன்றத்தோட குழந்தைச் சந்திப்பு மையத்தில, இன்னொருத்தர் முன்னிலையில அவர் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்து ஜெயிச்ச மாதிரியே இல்லை. என் குறிப்பில அவரைப் பத்தி மட்டுமா எழுதினேன்? என் பயத்தை எழுதினேன், சாப்பிட முடியாததை எழுதினேன், குட்டியை ஒருநாள் அடிச்சதையும் எழுதினேன். அத்தனையும் அவர் உட்கார்ந்து படிச்சிருக்கார். முடிவு நல்லபடியா வந்ததால அது இல்லைன்னு ஆகாது. ஏழு மார்க்ல இதுக்கு எவ்வளவுன்னு உங்க கஞ்சனைக் கேளு.

நீ போட்ட நாலு மார்க்மேல கோபம் இன்னும் இருக்கு. குறையும்னு நினைக்கிறேன்.

அறிவிப்பு. மருந்து டப்பாவுக்குள்ள ஒரு தாள் இருக்குமே, அதுல யார் சாப்பிடக் கூடாதுங்கிறதை முதல்ல போடணும். பெரும்பாலோர் யாருன்னு ஊர்ல யாருக்கும் தேவையில்லை. இப்படிப் போடு:

"உங்களோடு ஒரே வீட்டில் இருந்த ஒருவரின் கையில் உங்கள் கணினி இப்போது இருந்தால், இந்த அறிவிப்பு முதலில் உங்களுக்குத்தான்."

அக்கா


மார்ச் 19

அக்கா,

நேத்து வெளியாச்சு. உன் வரிதான் முதல் வரி. சட்டப் பிரிவுக்காரங்க மூணு தடவை மாத்தப் பார்த்தாங்க. மேடம் விடலை. கடைசியில "தான்" மட்டும் போச்சு.

கஞ்சன்கிட்ட உன் கேள்வியைச் சொன்னேன். "அதுக்கு நம்ம மார்க் பட்டியல்ல கட்டம் இல்லை"ன்னார். அப்புறம், ஒரு கட்டம் சேர்க்கணும்னு தன் பேர்ல மனு எழுதிக் கொடுத்திருக்கார். நான் எழுதினா மறுபடி வெளியே உட்காரச் சொல்லிடுவாங்களாம்.

உதவி எண்ணுக்கு முதல் நாளே நூத்திப் பன்னிரண்டு பேர் கூப்பிட்டாங்க. வழக்கமா இந்த மாதிரி அறிவிப்புக்குப் பத்துப் பேர் வந்தா அதிகம். மதியத்துக்கு மேல ஆள் போதாம எங்களையும் எடுத்துப் பேசச் சொன்னாங்க. திருத்தத்தை எப்படிப் போடறதுன்னு கேட்டவங்க கொஞ்சம் பேர். மிச்சப் பேர் எல்லாருக்கும் ஒரே விஷயம்தான்: "கம்ப்யூட்டர் அவர்கிட்ட இருக்கு. இப்போ நான் என்ன செய்யணும்?" ஒரு ஆம்பளை, கூட்டாளியைப் பத்திக் கேட்டார். ஒரு காலேஜ் பொண்ணு, அவ அண்ணனைப் பத்தி.

எனக்கு வந்த நாலாவது அழைப்பு ஒரு பெண். குரலைத் தாழ்த்திப் பேசினாங்க. "அவர் குளிச்சிட்டு இருக்கார். என்ன செய்யணும்னு சீக்கிரமா சொல்லுங்க."

நான் திருத்தம், பதிப்பு எண், அமைப்புகள்னு ஆரம்பிச்சேன். அவங்க "முதல்ல எது?"ன்னாங்க. எனக்கு முதல்ல எதுன்னு தெரியலை அக்கா. பின்னால தண்ணி விழற சத்தம் நின்னது. வெச்சுட்டாங்க.

அவங்க மறுபடி கூப்பிடலாம். நீ வீட்டை விட்டு வந்த அன்னிக்கு முதல்ல என்ன செய்தே, ரெண்டாவது என்ன செய்தே, எதை முன்னாடியே செய்திருக்கணும்னு இப்போ தோணுது? பத்து வரிக்குள்ள எழுது. ஒருத்தர் குளிச்சு முடிக்கிற நேரத்துக்குள்ள படிச்சுச் சொல்ற மாதிரி இருக்கணும்.

இந்தக் கடிதம் கிடைச்ச அன்னிக்கே எழுது.

தம்பி